பழைய ஹார்டு டிஸ்குக்கு என்ன வேலை கொடுக்கலாம்?

"கம்ப்யூட்டர் செத்துப்போச்சு" என்று யாராவது சொன்னால், எது செத்தது என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் மதர்போர்டு போயிருக்கும், இல்லாவிட்டால் பவர் சப்ளை. லேப்டாப் என்றால் திரையைத் தாங்கும் கீல் உடைந்திருக்கும், பேட்டரி உப்பியிருக்கும், கீபோர்டில் எதையாவது கொட்டியிருப்பார்கள். சில சமயம் எதுவுமே கெட்டிருக்காது. புது விண்டோஸ் ஓடாத அளவுக்கு வயதாகியிருக்கும், அவ்வளவுதான். இத்தனைக்கும் நடுவே உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க் அது பாட்டுக்கு நன்றாகவே இருக்கும்.

அதைக் கழற்றி ஒரு பெட்டிக்குள் போட்டு யுஎஸ்பியில் செருகினால் எக்ஸ்டர்னல் டிஸ்க் ஆகிவிடும். இது பலருக்கும் தெரிந்ததுதான். ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்த யாரும் செய்துவிடலாம். ஆனால் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இணைத்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். டிஸ்கில் ஏற்கெனவே இருப்பதை என்ன செய்வது, அதை எந்த அளவுக்கு நம்புவது, இனி எதை வைக்க அதை விடுவது என்பதில்தான் யோசிக்க வேண்டிய விஷயமே இருக்கிறது. என் அலமாரியில் இப்படிக் கழற்றிய டிஸ்குகள் வரிசையாக இருக்கின்றன. வீட்டிலும் சொந்தத்திலும் எந்தக் கணினி படுத்தாலும் கடைசியில் அது என்னிடம்தான் வந்து சேரும் என்பதால், இதில் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு.

முதலில் கையில் இருப்பது என்ன ரகம் என்று பார்த்துவிடலாம். டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா என்ற முறை 2003இல் வந்தது. அதற்கு முந்தைய கணினிகளிலும், பிந்தைய சில ஆண்டுகளில் வந்தவற்றிலும் பழைய இணைப்பு முறையான ஐடிஇ டிஸ்க் இருக்கும். அகலமான 40 ஊசி இணைப்பும் பட்டையான ரிப்பன் கேபிளும் அதன் அடையாளம். நடுவில் ஒரு ஊசி இல்லையே என்று பயப்பட வேண்டாம், தலைகீழாகச் செருகிவிடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே விட்டது. லேப்டாப்பில் வந்த ஐடிஇயில் மின்சாரத்துக்கும் சேர்த்து 44 ஊசிகள். சாட்டாவில் ஊசியே கிடையாது. எல் வடிவத்தில் இரண்டு தட்டையான வாய்கள், சின்னது தரவுக்கு, பெரியது மின்சாரத்துக்கு. லேப்டாப் சாட்டாவுக்கும் டெஸ்க்டாப் சாட்டாவுக்கும் இந்த வாய் ஒன்றேதான். ஐடிஇ டிஸ்க் என்றால் பின்பக்க ஊசிகளில் மாட்டியிருக்கும் ஜம்பர் என்ற குட்டித் தொப்பியை 'மாஸ்டர்' நிலைக்கு மாற்றிவிட்டுச் செருகுங்கள்; பல அடாப்டர்கள் 'ஸ்லேவ்' டிஸ்கைக் கண்டுகொள்ளவே மாட்டா.

சில லேப்டாப்களில் கழற்றுவதற்கு ஒன்றுமே இருக்காது. மலிவான குட்டி மாடல்களில் சேமிப்புச் சிப் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அண்மைக் கால மேக்புக்குகளும் அப்படித்தான். ஓரளவு புதிய லேப்டாப்களில் சூயிங்கம் பட்டை போல எம்.2 எஸ்எஸ்டி இருக்கும், சுழலும் தட்டு இல்லாமல் வெறும் சிப்பில் சேமிப்பது. அதிலும் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு உண்டு, இரண்டுக்கும் பெட்டி வேறு. வாங்குமுன் டிஸ்கின் ஸ்டிக்கரைப் படித்துவிடுங்கள். இனி நான் பேசப்போவது சுழலும் தட்டு உள்ள டிஸ்கைப் பற்றி.

மின்சாரம். இங்கேதான் நிறையப் பேர் நல்ல டிஸ்கைக் கெட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். லேப்டாப்பின் 2.5 அங்குல டிஸ்குக்கு 5 வோல்ட் மட்டும் போதும், அதை யுஎஸ்பியே கொடுத்துவிடும். டெஸ்க்டாப்பின் 3.5 அங்குல டிஸ்கில் தட்டைச் சுழற்றும் மோட்டாருக்கு 12 வோல்ட் வேண்டும், சாதாரண யுஎஸ்பி அதைத் தராது. அதனால்தான் 3.5 அங்குலப் பெட்டிகள் எல்லாம் தனி அடாப்டரோடு வருகின்றன. 2.5 அங்குலத்திலும் ஒரு சிக்கல் உண்டு. யுஎஸ்பி 2.0 வாயின் கணக்குப்படி அது தர வேண்டியது 500 மில்லிஆம்பியர், யுஎஸ்பி 3.0 என்றால் 900. நின்றிருக்கும் தட்டு சுழலத் தொடங்கும் அந்த ஓரிரு நொடிகளில் பழைய டிஸ்க் 1 ஆம்பியர் அளவுக்குக் கேட்கும். சுழலத் தொடங்கிவிட்டால் அதில் பாதிகூட வேண்டாம்.

கிடைக்கவில்லையென்றால் என்ன ஆகும்? டிஸ்கைக் காதருகே வைத்துக் கேளுங்கள். மெதுவாக 'ம்ம்ம்' என்று ஏறும், பாதியில் தளரும், ஒரு 'டிக்', பிறகு மறுபடி முதலிலிருந்து. விண்டோஸ் டிஸ்க் வந்ததாக ஒரு சத்தம் கொடுக்கும், உடனே போனதாக இன்னொரு சத்தம். இதைக் கேட்டதும் "ஹெட் போயிடுச்சு", அதாவது தட்டில் படித்து எழுதும் முனை கெட்டுவிட்டது, என்று எறிந்துவிடுவார்கள். எறியுமுன் நீளமான கேபிளைக் கழற்றிவிட்டுக் குட்டையான ஒன்றைப் போடுங்கள். டெஸ்க்டாப் என்றால் முன்பக்க வாயை விட்டு, மதர்போர்டிலேயே இருக்கும் பின்பக்க வாயில் செருகுங்கள். தனி மின்சாரம் உள்ள யுஎஸ்பி ஹப் கிடைத்தால் அதில் செருகிப் பாருங்கள். இதற்கெல்லாம் பிறகும், மின்சாரம் சரியாகக் கிடைத்தும், ஒரே சீராக 'டிக், டிக், டிக்' என்று தட்டிக்கொண்டே இருந்தால்தான் அது உண்மையிலேயே ஹெட் சம்பந்தப்பட்ட நோய்.

இன்னொன்று: 3.5 அங்குலப் பெட்டியின் அடாப்டரைத் தொலைத்துவிட்டு, முனை பொருந்துகிறதே என்று வேறு ஏதோ அடாப்டரைச் செருகாதீர்கள். முனை ஒரே அளவாக இருக்கும், உள்ளே வருவது 9 வோல்ட்டாகவும் இருக்கலாம், 19 வோல்ட்டாகவும் இருக்கலாம். அடாப்டர்களில் எதனுடையது என்று எழுதி ஒட்டிவைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

பெட்டியா, டிஸ்கை அப்படியே செருகி நிறுத்தும் டாக்கா, வெறும் கேபிளா என்று கேட்டால், நிறைய டிஸ்குகளைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தால் கேபிள் அல்லது டாக். தினமும் கையில் எடுக்கப் போகிற டிஸ்குக்குப் பெட்டி. மேசை மீது அம்மணமாகக் கிடக்கும் டிஸ்கின் அடியில் சர்க்யூட் போர்டு வெளியே தெரியும். ஓர் ஊக்கோ திருகாணியோ அதன்மேல் பட்டால் போதும். லேப்டாப் டிஸ்கில் 7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர் என்று இரண்டு தடிமன் பரவலாக உண்டு. பழையவை பெரும்பாலும் 9.5. சில மெல்லிய பெட்டிகளுக்குள் அது நுழையாது.

சரி, இணைத்தாயிற்று, விளக்கு எரிகிறது, டிஸ்க் சுற்றுகிறது. இப்போது அதில் எதையும் எழுதாதீர்கள்.

விண்டோஸ் உங்களை அவசரப்படுத்தும். லினக்ஸிலோ மேக்கிலோ ஓடிய டிஸ்க் என்றால் அதன் கோப்பு அமைப்பு விண்டோஸுக்குப் புரியாது. உடனே, இதைப் பயன்படுத்த வேண்டுமானால் பார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்று கேட்கும். எனக்குத் தெரிந்து இவ்வளவு மரியாதையாகக் கேட்டுவிட்டு இவ்வளவு நாசம் செய்யக்கூடிய வேறு பெட்டிச் செய்தி கிடையாது. 'கேன்சல்' என்று சொல்லிவிட்டு, லினக்ஸ் இருக்கும் ஒரு பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கிப் பாருங்கள். விண்டோஸ் டிஸ்க், மேக் டிஸ்க், லினக்ஸ் டிஸ்க் எல்லாவற்றையும் பெரும்பாலும் அது படித்துவிடும்.

அடுத்த தடை விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர். நிறைய லேப்டாப்களில் உரிமையாளருக்கே தெரியாமல் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். அதே லேப்டாப்பில் இருந்தவரை, சாவி மதர்போர்டில் உள்ள டிபிஎம் சிப்பில் இருந்ததால் தானே திறந்துகொண்டது. வெளியே எடுத்ததும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அவரது மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு, அங்கே தேடுங்கள். அங்கும் இல்லை, வேறெங்கும் இல்லை என்றால் உள்ளே இருப்பதை மறந்துவிட வேண்டியதுதான். டிஸ்கை மட்டும் அழித்துப் பயன்படுத்தலாம்.

பூட்டு இல்லாத பழைய விண்டோஸ் டிஸ்கில் வருவது சின்னத் தடை. பயனர் கோப்புறையைத் திறந்தால் 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று சொல்லும். 'கண்டின்யூ' கொடுத்தால் புதுக் கணக்குக்கு அனுமதி எழுதிக்கொண்டு திறக்கும். ஆயிரக்கணக்கான கோப்புகள் இருந்தால் நேரமெடுக்கும், தொங்கிவிட்டது என்று நினைத்துக் கேபிளைப் பிடுங்காதீர்கள்.

உள்ளே எதைத் தேடுவது? சித்தப்பாவின் டெஸ்க்டாப் என்னிடம் வந்தபோது, "எல்லாத்தையும் அழிச்சிடுப்பா, எனக்கு அதுல ஒண்ணும் வேண்டாம், போட்டோ எல்லாம் போன்லதான் இருக்கு" என்றார். போட்டோக்கள் போனில் இருந்தது நிஜம்தான். ஆனால் அவருடைய பழைய மின்னஞ்சல் முழுவதும் அவுட்லுக்கின் ஒரே பிஎஸ்டி கோப்பாக, யாரும் எட்டிப் பார்க்காத மறைவான ஆப்டேட்டா கோப்புறைக்குள் இருந்தது. ஒருவருடைய 'டாக்குமெண்ட்ஸ்' கோப்புறையில் அவருடைய முக்கியமான ஆவணங்கள் இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தான், ஆனால் மனிதர்கள் அப்படி வாழ்வதில்லை. டெஸ்க்டாப் திரையில் குவித்திருப்பார்கள், 'டவுன்லோட்ஸ்' உள்ளே விட்டிருப்பார்கள், சி டிரைவின் வேரிலேயே 'புதுசு' என்று ஒன்றை உருவாக்கி அதற்குள் போட்டிருப்பார்கள். உலாவியின் புக்மார்க்குகள், ஐடியூன்ஸ் எடுத்துவைத்த பழைய போன் பேக்கப், கணக்கு மென்பொருளின் தரவு எல்லாம் மறைவான கோப்புறைகளில் கிடக்கும்.

சித்தப்பாவின் டிஸ்கில் வேர்டில் தட்டிய கடிதங்களும் நிறைய இருந்தன. திறந்தால் 'md;Gs;s' பாணியில் ரோமன் எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக ஓடியது. யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி எழுத்துருவில் தட்டியவை. தமிழில் பழைய டிஸ்கைத் திறக்கிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்: கடிதங்களை மட்டும் நகலெடுத்துவிட்டு டிஸ்கை அழித்தால், அந்த எழுத்துரு கைவசம் இல்லாத கணினியில் அவை வெறும் கிறுக்கல்தான். பழைய விண்டோஸ் கோப்புறைக்குள் 'ஃபாண்ட்ஸ்' இருக்கும், அதையும் அப்படியே அள்ளிக்கொள்ளுங்கள். பாமினி போன்ற பரவலான எழுத்துருக்களுக்கு மாற்றிகள் இருக்கின்றன. ஆனால் யாரோ எதற்காகவோ செய்து கொடுத்த பெயர் தெரியாத எழுத்துரு என்றால் அந்த ஒரே பிரதி இந்த டிஸ்கில்தான் இருக்கும்.

அள்ள வேண்டியதை எல்லாம் வேறொரு டிஸ்குக்கு அள்ளிய பிறகே நாடி பார்க்க உட்காருவேன். இந்த வரிசை முக்கியம். நாடி பார்ப்பது என்றால் டிஸ்க் முழுவதையும் படிக்கவைப்பது. சாகும் தறுவாயில் இருக்கும் டிஸ்கை அப்படி ஓடவிட்டால், கோப்புகளைக் காப்பாற்ற இருந்த கடைசி மணி நேரத்தைச் சோதனைக்குச் செலவழித்ததாக ஆகும். நகலெடுக்கும்போதே தடுமாறினால், திரும்பத் திரும்பக் காப்பி பேஸ்ட் செய்து டிஸ்கைப் படுத்தாமல் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ மாதிரியான கருவிக்குப் போய்விடுங்கள். அது சுலபமாகப் படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் கடைசிக்குத் தள்ளும். ஃபிரீசரில் வைத்தால் சரியாகும் என்ற பழைய வைத்தியத்தை மட்டும் செய்யாதீர்கள். வெளியே எடுத்ததும் தட்டுகளில் ஈரம் பூக்கும். தட்டுக்கும் ஹெட்டுக்கும் இடையே இருப்பது சில நானோமீட்டர். அங்கே ஒரு துளி ஈரத்துக்கு ஏது இடம்?

நாடிக்கு 'ஸ்மார்ட்' என்ற பதிவேடு டிஸ்குக்குள்ளேயே இருக்கிறது. விண்டோஸில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, மற்றவற்றில் ஸ்மார்ட்மான்டூல்ஸ். பட்டியல் நீளமாக வரும், பாதிக்கு மேல் பார்க்கத் தேவையில்லை. நான் பார்ப்பது 5ஆம் எண், அதாவது கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள் (தட்டில் தரவு எழுதும் குட்டித் துண்டுகள்). 197, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. 198, சரிசெய்ய முடியாதவை. இந்த மூன்றும் பூஜ்யம் என்றால் நிம்மதி. 199 ஏறியிருந்தால் டிஸ்கைக் குறை சொல்லாதீர்கள், பெரும்பாலும் கேபிள் கோளாறு. 9ஆம் எண் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பது. ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம் என்பதை வைத்துக் கணக்குப் போட்டால் அதன் உழைப்பு தெரிந்துவிடும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ இந்த எண்களை முதலில் பதினாறின் அடிமானத்தில்தான் காட்டும், அமைப்பில் போய்ப் பத்தின் அடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சீகேட் டிஸ்குகளில் 1, 7 ஆகிய எண்களுக்கு எதிரே கோடிக்கணக்கில் ஏதோ நிற்கும். அது பதியும் முறை அப்படி, நோய் இல்லை. சில பழைய யுஎஸ்பி பெட்டிகள் இந்தப் பதிவேட்டை வெளியே விடுவதே இல்லை. அப்போது டிஸ்கை நேராக ஒரு டெஸ்க்டாப்பின் சாட்டாவில் மாட்டித்தான் பார்க்க வேண்டும்.

இதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்குக் கூகுள் 2007இல் வெளியிட்ட ஆய்வைத்தான் நான் இன்றும் நினைத்துக்கொள்வேன். அவர்களிடம் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளைப் பின்தொடர்ந்து எழுதியது. முதல் ஸ்கேன் பிழை தோன்றிய டிஸ்க் அடுத்த 60 நாட்களுக்குள் செத்துப்போக, பிழையே இல்லாத டிஸ்கைவிட 39 மடங்கு வாய்ப்பு என்று கண்டார்கள். ஆகவே கெட்ட செக்டார் தெரிந்தால் கவலைப்படுவது சரிதான். ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது: செத்த டிஸ்குகளில் 36 சதவீதத்துக்கும் மேல், வெப்பநிலையை விட்டுவிட்டால், ஸ்மார்ட்டில் எந்த அறிகுறியும் காட்டாமலே செத்திருந்தன. எண்கள் மோசமாக இருந்தால் நம்பாதே என்று சொல்ல ஸ்மார்ட்டுக்குத் தகுதி உண்டு. நன்றாக இருந்தால் நம்பு என்று சொல்ல அதற்குத் தகுதி இல்லை. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பழைய டிஸ்கை என்ன வேலைக்கு வைப்பது என்ற கேள்விக்கும் பாதி பதில் கிடைத்துவிடுகிறது.

பதிவேட்டைப் பார்த்த பிறகு, டிஸ்க் முழுவதும் ஒருமுறை எழுதிப் படிக்கவைப்பேன். படிக்க முடியாத செக்டாரை டிஸ்க் உடனே மாற்றிவிடாது, காத்திருப்பில்தான் வைத்திருக்கும். அதன்மேல் புதிதாக எழுதும்போதுதான் நல்லதா கெட்டதா என்று முடிவெடுக்கும். எழுதி முடித்ததும் 197 பூஜ்யத்துக்கு இறங்கி 5 கூடாமல் இருந்தால், முன்பு எப்போதோ மின்சாரம் போனதில் வந்த கோளாறாக இருக்கலாம். மறுநாள் மறுபடி பார்த்து 5 ஏறிக்கொண்டே போனால் வேலைக்கு வேண்டாம். இந்தச் சோதனைக்குப் பொறுமை வேண்டும். 500 ஜிபி டிஸ்க் நொடிக்கு 80 எம்பி வேகத்தில் ஓடினாலும் ஒருமுறை முழுவதும் கடக்க ஒன்றேமுக்கால் மணி நேரம். யுஎஸ்பி 2.0 வாயில் நொடிக்கு 35 எம்பிதான் வருகிறதென்றால் 4 மணி நேரம். போகப்போக வேகம் பாதியாகக் குறைந்தால் பதற வேண்டாம். தட்டின் வெளிச்சுற்றில் ஒரு சுற்றுக்குப் படிப்பது அதிகம், உட்சுற்றில் குறைவு.

எழுதுவது என்று சொன்னேனே, அதில் அழிப்பும் சேர்ந்தே முடிந்துவிடும். 'குயிக் பார்மட்' எதையும் அழிப்பதில்லை, கோப்புகளின் பட்டியலைத்தான் புதுப்பிக்கிறது. குயிக் என்ற டிக்கை எடுத்துவிட்டுச் செய்யும் முழு பார்மட், விஸ்டாவிலிருந்து மேலே உள்ள விண்டோஸ்களில் அந்தப் பகுதி முழுவதும் பூஜ்யம் எழுதுகிறது; எக்ஸ்பியில் அது வெறும் படித்துப் பார்ப்பதுதான். எம்ஐடி மாணவர்கள் இருவர், கார்ஃபின்கெலும் ஷெலாட்டும், பழைய டிஸ்குகள் 158 வாங்கிப் பார்த்து, கண்டதை 2003இல் வெளியிட்டார்கள். ஓடியவை 129, அவற்றில் ஒழுங்காக அழிக்கப்பட்டவை 12 மட்டுமே. மற்றவற்றில் கடன் அட்டை எண்களே ஆயிரக்கணக்கில் கிடைத்தன. நீங்களே வைத்துக்கொள்ளப் போகிற டிஸ்குக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். அந்த டிஸ்கை ஒருநாள் யாருக்காவது இரவல் கொடுப்பீர்கள்.

35 முறை எழுதி அழிக்க வேண்டும் என்று சொல்லும் மென்பொருட்களை விட்டுவிடலாம். அந்த எண் பீட்டர் குட்மன் 1996இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அந்தக் காலத்து வெவ்வேறு வகை டிஸ்குகள் அனைத்துக்கும் சேர்த்துப் போட்ட பட்டியல் அது. எந்த ஒரு டிஸ்குக்கும் முழுப் பட்டியலும் தேவையில்லை என்று அவரே பிறகு சொல்லிவிட்டார். இப்போதைய டிஸ்குக்கு ஒருமுறை முழுதாகப் பூஜ்யம் எழுதினால் போதும்.

பழைய விண்டோஸ் டிஸ்கில் மீட்புப் பகுதி, தொடக்கப் பகுதி என்று சின்னச் சின்னத் துண்டுகள் இருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட் சிலவற்றை அழிக்க விடாது. விண்டோஸில் கட்டளை தட்டி இயக்கும் டிஸ்க்பார்ட்டில் 'கிளீன்' கொடுத்தால் பகுதிக் கணக்கு முழுவதும் போய்விடும், 'கிளீன் ஆல்' கொடுத்தால் டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதப்படும். அது 'நிச்சயமா?' என்று திருப்பிக் கேட்காது. மற்ற எக்ஸ்டர்னல் டிஸ்குகளை எல்லாம் முதலில் கழற்றிவிட்டு, தேர்ந்தெடுத்த டிஸ்க் எண் சரிதானா என்று கொள்ளளவை வைத்துச் சரிபார்த்துவிட்டு, பிறகு எண்டர் தட்டுங்கள். 500 ஜிபி டிஸ்க் 465 என்று காட்டினால் எதுவும் தொலைந்துவிடவில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024ஆல் வகுக்கிறது.

எந்தக் கோப்பு அமைப்பு என்பதில் நான் அதிகம் யோசிப்பதில்லை. ஃபேட்32 வேண்டாம், 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை அது ஏற்காது. விண்டோஸில் மட்டும் பயன்படுத்துவதாக இருந்தால் என்டிஎஃப்எஸ். மேக்குக்கும் சேர்த்து என்றால் எக்ஸ்ஃபேட். மேக் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும், எழுதாது. எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் (செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு) கிடையாது என்பதால் எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால் சேதம் அதிகம். 'சேஃப்லி ரிமூவ்' கொடுக்காதவர் வீட்டில் எக்ஸ்ஃபேட் வேண்டாம் என்பது என் கட்சி.

பெட்டி பற்றி ஒரு விசித்திரம், இது தெரியாமல் கலங்கிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். சில யுஎஸ்பி பெட்டிகள் 512 பைட் செக்டாரை 4,096 பைட்டாகக் கணினியிடம் சொல்லும். அந்தப் பெட்டியில் வைத்து பார்மட் செய்த டிஸ்கை எடுத்து வேறு பெட்டியிலோ நேராக சாட்டாவிலோ மாட்டினால், காலியாகவோ பார்மட் ஆகாததாகவோ தெரியும். தரவு எங்கும் போகவில்லை, பழைய பெட்டிக்குத் திரும்பினால் எல்லாம் இருக்கும். அதனால் பெட்டி மாற்றப் போகிறீர்கள் என்றால் பழைய பெட்டியை டிஸ்க் புதியதில் சரியாகத் தெரியும்வரை தூக்கிப் போடாதீர்கள்.

இவ்வளவும் தேறி வந்த டிஸ்குக்கு என்ன வேலை? இரண்டாவது பிரதி வைக்கிற வேலை. அதற்கு மேல் ஒன்றும் கொடுக்க மாட்டேன். போட்டோக்கள் முதன்மைக் கணினியில் இருக்கின்றன, ஒரு நகல் வேறெங்கோ இருக்கிறது, இன்னொரு நகலுக்கு இந்த டிஸ்க். அது நாளையே செத்தாலும் எனக்குக் கோபம் வரும், துக்கம் வராது. இடம் போதவில்லை என்று கணினியிலிருந்து 'நகர்த்தி' இதில் போட்டு, அங்கே அழித்துவிடுகிற பழக்கம்தான் ஆபத்து. அந்த நொடியில் பழைய டிஸ்கில் இருப்பது இரண்டாவது பிரதி அல்ல, ஒரே பிரதி. எக்ஸ்டர்னல் டிஸ்க் என்று பெயர் வைத்ததாலேயே அதை பேக்கப் என்று நம்பிவிடுகிறோம். கூகுளின் அந்த 36 சதவீதம் இங்கேதான் வந்து நிற்கிறது. எச்சரிக்கை இல்லாமல் போகக்கூடிய ஒன்றிடம், போனால் திரும்ப வராததைக் கொடுக்கக் கூடாது.

திரும்ப டவுன்லோட் செய்துகொள்ளக்கூடிய விளையாட்டுகள், மென்பொருள் ஐஎஸ்ஓ கோப்புகள், தொலைக்காட்சியில் செருகிப் பார்க்கும் படங்கள், யாருக்காவது பெரிய கோப்பை எடுத்துப்போய்க் கொடுப்பது, இதற்கெல்லாமும் தாராளமாக விடலாம். ரவுட்டரின் பின்னால் செருகி இரவும் பகலும் ஓடவிடுவதுதான் எனக்குப் பிடிக்காது. மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் 3.5 அங்குல டிஸ்க் காற்றில்லாமல் சூடேறும், அதோடு பல பெட்டிகள் சும்மா இருக்கும்போது டிஸ்கை உறங்கவைத்து எழுப்பி உறங்கவைத்து எழுப்பி ஹெட்டை அலைக்கழிக்கும்.

பழைய டிஸ்குக்கு ஒரு விஷயத்தில் புதியவற்றைவிட நான் கொஞ்சம் சாதகமாகவே பேசுவேன். 2013க்குப் பிறகு, தடங்களை ஓட்டுக்கூரை போல ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் எஸ்எம்ஆர் முறை வரத் தொடங்கியது. இன்றைய மலிவான 2.5 அங்குல எக்ஸ்டர்னல் டிஸ்குகளில் பல அந்த ரகம்தான். நூறு ஜிபியை ஒரே மூச்சில் கொட்டினால் நடுவில் வேகம் தரையில் விழும். அதற்கு முந்தைய டிஸ்க் மெதுவாக எழுதினாலும் கடைசி வரை சீராக எழுதும்.

இணைப்பைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவது காந்தப் பதிவுக்குப் பெரிய கெடுதல் இல்லை. மின்சாரமில்லாமல் நீண்ட காலம் கிடப்பதில் எஸ்எஸ்டிக்குத்தான் பயம் அதிகம். ஆனாலும் ஆண்டுக்கு ஓரிரு முறை எடுத்துச் சுழலவிட்டு, பெரிய கோப்பு ஒன்றிரண்டைத் திறந்து பார்த்து, 5ஐயும் 197ஐயும் மறுபடி படித்துவிடுவேன். பெட்டியின் மேல் ஒரு காகிதத் துண்டில் என்ன இருக்கிறது, கடைசியாகப் பார்த்தது எப்போது, அப்போது அந்த இரண்டு எண்கள் என்ன என்று எழுதி ஒட்டியிருக்கும். சுழலும்போது பெட்டியைத் தூக்கவோ நிமிர்த்தவோ கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. நின்றிருக்கும் டிஸ்க் ஓரளவு அதிர்ச்சியைத் தாங்கும், ஓடும் டிஸ்க் தாங்காது.

197 ஏறத் தொடங்கிய டிஸ்கை நான் கெஞ்சிக்கொண்டிருப்பதில்லை. ஓடும்போதே பூஜ்யம் எழுதி அழித்துவிட்டு மின்கழிவில் சேர்த்துவிடுவேன். ஓடவே ஓடாது, அழிக்கவும் முடியாது என்றால் தட்டைச் சேதப்படுத்த வேண்டியதுதான். மூடியைத் திறக்க நட்சத்திரத் தலை கொண்ட டார்க்ஸ் ஸ்க்ரூடிரைவர் வேண்டும், ஸ்டிக்கருக்கு அடியில் ஒரு திருகாணி ஒளிந்திருக்கும். டெஸ்க்டாப் டிஸ்கில் தட்டு பெரும்பாலும் அலுமினியம், ஆணி கொண்டு கீறினாலும் வளைத்தாலும் போதும். லேப்டாப் டிஸ்கில் அது கண்ணாடி. சுத்தியலால் தட்டினால் தூளாகச் சிதறும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, டிஸ்கைத் துணியில் சுற்றிவிட்டுத் தட்டுங்கள். ஹெட்டை அசைக்கும் மூலையில் இரண்டு நியோடிமியம் காந்தங்கள் இருக்கும், அவற்றை எடுத்துவைத்துக்கொள்ளலாம், கீழே விழுந்த திருகாணிகளைப் பொறுக்க அதைவிடத் தோதான சாமான் கிடையாது. இரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டவிடும்போது மட்டும் விரலை இடையில் கொடுத்துவிடாதீர்கள்.